அசரீரிக்கு நின்றவள்

ஒரு நாள் எங்கள் தலைமை ஆசிரியை அம்மாள் வகுப்பு வாசலுக்கு வெளியே இருந்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்றார். நாங்கள் எழுந்து நின்றோம். பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரம்மாவும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். யாரும் உள்ளே வரவில்லை. தலைமை ஆசிரியை அன்று காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்விட்டார் என்பது டீச்சரம்மாவுக்கு நினைவு வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் எழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டோம். புத்தகத்தை வாய்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியையின் குரலில் பேசியதற்குப் பிரம்படி ஆறு விழுந்தது. ஒரு சத்தம் வரவில்லை அவளிடமிருந்து.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த புதிது. ஊரிகத்தில் பெண்களுக்கென்று மிஷன் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வகுப்பு. அவளுக்குப் பதினான்கு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். பாதங்கள் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோலப் பெரிதாக இருக்கும். எப்போதும் சடையின் நுனியைக் கடித்துக்கொண்டிருப்பாள். தாய் இல்லை. அவள் அப்பா சுரங்க வாயில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு மணி அடிக்கிறவர். அவருக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் சின்ன வயது முதலே அங்கே போய்வந்தாள்.

ஷிப்டு முடிந்து கூண்டில் மேலே வருகிற ஆட்களை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். தலைமுதல் கால்வரை ஒரே சேறு. அண்ணன் யார், தம்பி யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவள் குரலை வைத்து ஆளைக் கண்டுகொள்வாள். கேட்டுக் கேட்டு அந்தக் குரல்கள் எல்லாம் அவள் தொண்டையில் ஏறிவிட்டன என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அவளாக எதையும் விளக்கிச் சொன்னதில்லை.

வேடிக்கைக்காக அவள் அதைச் செய்யவில்லை. அதை எங்களில் யாருமே புரிந்துகொள்ளவில்லை. தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் மேஸ்திரியின் குரலில் அதட்டுவாள், நாய் ஓடிவிடும். டீச்சரம்மாவிடம் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டுமானால் போதகரின் மனைவிபோல மெல்லிய குரலில் கேட்பாள். ஒருமுறை சுரங்க வாயில் அந்த மேஸ்திரியின் குரலிலேயே "நிறுத்து" என்று சொல்லிவிட்டாள். கல் ஏற்றிய வண்டிகளைத் தள்ளி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள், பின்னால் வந்த வண்டி முட்டி ஒருவருக்குக் கால் விரல் நசுங்கியது. மறுநாள் அவள் கையில் பெல்ட்டு அடித் தடிப்பு இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் தன் அப்பாவின் குரலில், "இனிமே தொண்டயத் தொறந்த, வாயில பல்லு இருக்காது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

அந்த ஐப்பசியில் என் அப்பா போய்விட்டார். அவர் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை செய்தவர். மண்ணுக்குள் பாறை வெடித்தது. கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. பெண்கள் எல்லோரும் சுரங்க வாய்க்கு ஓடினோம். கூண்டு ஒவ்வொரு தடவை வரும்போதும் ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே உரக்கச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள், காத்திருக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. அவள் எங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குரலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கூண்டும் வந்தது. அப்பாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அம்மாவும் நானும் அதே லைன் வீட்டில் இருந்தோம். அம்மாவின் அண்ணன், என் மாமா, சுரங்கத்தில் வேலையில் இருந்தார். அவர் பெயரில் வீட்டை மாற்றிக்கொடுத்ததால் எங்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. அவர் இரண்டு லைன் தள்ளிக் குடியிருந்தார். கோபக்காரர், ஆனால் அரிசி தீரும் முன்னால் அரிசி கொண்டுவருவார்.

மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது. லைன் முழுக்கக் கோடைக்கான வேலைகள் தொடங்கின. மிளகாய் காயவைத்தார்கள், வருஷத்துக்குப் புளி உடைத்தார்கள். தகரக் கூரை கொதிக்காமல் இருக்க ராகி வைக்கோல் பரப்பிக் கல் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைக்கு முன்னால் நாடகம் போடுவதாக டீச்சரம்மா சொன்னார். அவரே எழுதியது. மழையில்லாத காலத்தில் ஒரு குடியானவன் மகள் சுனை தேடிக் காட்டுக்குள் போகிறாள், வழி தவறுகிறாள். வானத்திலிருந்து ஓர் அசரீரி அவளுக்கு வழி சொல்கிறது. குடியானவன் மகளாக என்னைப் போட்டார். அசரீரிக்கு, போதகருக்கு உதவியாக இருக்கிற கோயில்பிள்ளையைக் கேட்கலாம் என்றிருந்தார். பெண்கள் பள்ளியில் ஓர் ஆண் திரைக்குப் பின்னால்கூட நிற்கக் கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அப்போதுதான் டீச்சரம்மா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

ஒத்திகையில் அவள் ஒரு கிழட்டுப் பிரசங்கியாரின் கனத்த குரலில், "மகளே, கிழக்கே நட" என்றாள். எங்களுக்கு முதுகு சிலிர்த்தது. டீச்சரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அசரீரிக்கு நான்கே வசனம் என்பதால் அவளைத் தினமும் முன்னதாகவே அனுப்பிவிடுவார்.

பங்குனியில் ஒரு நாள் டீச்சரம்மாவுக்குத் தலைவலி. ஒத்திகை பாதியில் நின்றது. நான் வெயிலோடு வீட்டுக்கு வந்தேன். தட்டிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பா இருமினார்.

அப்பா எதையும் சொல்லும் முன் இரண்டு முறை இருமுவார். சுரங்கத் தூசி. இருமிவிட்டு, "கூரைக்கு வைக்கோல் போட்டாச்சா?" என்றார். அம்மா சாதாரணமாக, "இன்னும் இல்லீங்க. அண்ணன் சம்பளம் வாங்கினதும் வர்றேன்னு சொல்லிச்சு" என்றாள். "பெரிய கல்லா வெக்கச் சொல்லு. போன வருசம் மாதிரி காத்துல பறந்துடப் போவுது" என்றார் அப்பா.

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. செருப்பில்லாமல் கொதிக்கிற மண்ணில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பாதத்தில் கொப்புளம் வந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். கதவைத் தள்ளினால் அப்பா இருப்பார் என்று பயந்தேன். இருக்கமாட்டார் என்றும் பயந்தேன்.

தள்ளினேன். அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கமாகச் சாய்கிற தூணில், ஒத்திகையிலிருந்து முன்னதாகவே போயிருந்த அவள் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ அழைக்காமல் உள்ளே வந்துவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அப்பா பேசிக்கினு இருக்காரு. இரு" என்றாள்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். விட்டுவிட்டுச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியில் அம்மாவின் குடம் நழுவியபோது, யோசிக்காமல் என் அப்பாவின் குரலில் "பாத்து, பாத்து" என்று சொல்லிவிட்டாளாம். அம்மா அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய், இன்னொரு தரம் சொல் என்று கேட்டாளாம். சுரங்க வாயில் அப்பா பேசிக் கேட்ட ஏழெட்டு வார்த்தைதான் அவளுக்குத் தெரியும்.

"வைக்கோல் பறந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. இப்பல்லாம் வாயத் தொறந்தா தானா வருது" என்றாள். சடை நுனியைக் கடித்தாள். "எனக்கே பயமாத்தான் இருக்குது."

"அப்ப எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு வர்ற?"

கடித்த சடையைப் பின்னால் தள்ளினாள். பிறகு, "உங்கம்மா சோறு போட்டுட்டு எனக்குத் தல வாரி வுடறாங்க" என்றாள்.

அவள் தொடர்ந்து வந்தாள். நானும் தெரியாததுபோல இருந்தேன். அம்மா மாறிப்போனாள். காலையில் எழுந்ததும் மதியத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவாள். அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வாரத்தில் மூன்று நாள். என்னிடம் ஏதாவது சொல்லும்போதுகூட என் தோளுக்கு மேலாக, அந்தத் தூணைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அந்தத் தூண் பக்கம் போகவே பயமாயிற்று. வீட்டைக் குறுக்கே கடக்காமல் சுவரை ஒட்டிச் சுற்றிப் போவேன்.

லைன் வீடுகளுக்கு இடையில் இருப்பது மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் லைனுக்குப் புதிதாக வந்தவள், அப்பா பேசி அவள் கேட்டதில்லை. விதவையின் வீட்டில் மதிய நேரத்தில், கதவு சாத்தியிருக்கும்போது, ஓர் ஆண் இருமுவதையும் பேசுவதையும் அவள் கேட்டாள். சும்மா இருப்பாளா?

சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மாமா வைக்கோல் கட்டோடு வந்தார். வரும் வழியிலேயே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் கூரை மேல் ஏறினார். வைக்கோலைச் சீராகப் பரப்பினார், கற்களை வைத்தார், இறங்கி வந்து கை கால் கழுவினார். அதன்பிறகு அம்மாவிடம், "யார் அவன்?" என்றார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்ததும் என் படிப்பு நிற்கும் என்றார். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் இருவரையும் குடியாத்தம் பக்கத்தில் இருக்கிற என் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஏன் கொண்டுவந்தார் என்பதையும் அங்கே சொல்லிவிட்டு வருவார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அதுக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுதுன்னா, அவன் உசுரோட இருக்கமாட்டான்" என்றார்.

அவர் போனதும் நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடு என்று கெஞ்சினேன். அம்மா, பதினாலு வயசுப் பொண்ணு ஆம்பளை மாதிரி இருமினாள் என்றால் யார் நம்புவார்கள் என்றாள். கொஞ்சம் கழித்து, "சொன்னா அவ அப்புறம் வரமாட்டா" என்றாள். அதுதான் உண்மையான காரணம்.

வெள்ளிக்கிழமை காலையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இனி எங்கள் வீட்டுப் பக்கம் வரவே கூடாது, மேடையிலோ வேறெங்கோ அந்தக் குரலில் பேசவே கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "சரி, பேசல" என்றாள். அதைச் சொன்னது என் குரல். என் குரலில் அவள் அதுவரை பேசியதே இல்லை. நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

நாடகம் நான்கு மணிக்கு. பள்ளி முற்றத்தில் பாதி லைன் வந்திருந்தது. போதகர், சுரங்கத்து எழுத்தர்கள், முதல் ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு வந்த ஆட்கள். அம்மா பெண்கள் பக்கம் ஓரமாக இருந்தாள். அவளைச் சுற்றி ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. மாமா பின்னால் கையைக் கட்டி நின்றிருந்தார்.

நான் வழி தவறினேன். மேடையின் நடுவில் முழங்காலிட்டு, யாரும் இல்லையா என்று கேட்டேன். இப்போது திரைக்குப் பின்னாலிருந்து பிரசங்கியாரின் குரல் வர வேண்டும். வரவில்லை. டீச்சரம்மா ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். நான் இன்னொரு தரம் கேட்டேன்.

இரண்டு இருமல் கேட்டது.

"பாப்பா, பயப்படாத" என்றார் அப்பா. "கெழக்க நட."

கூட்டத்தில் முதலில் ஆண்கள் பக்கம்தான் அசைந்தது. அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கியவர்கள் அங்கே பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவர் எழுந்தார். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். கிழக்கு எந்தப் பக்கம் என்றே மறந்துபோயிற்று. எப்படியோ நடந்தேன், எதையோ சொன்னேன், வண்ணத் தாள் ஒட்டிய சுனைக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன். அதோடு நாடகம் முடிந்திருக்க வேண்டும்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பாவாடை சட்டையில், இரட்டைச் சடையில், மேடையின் விளிம்பில் வந்து நின்றாள். மாமாவைத் தேடிப் பிடித்து அவரை நேராகப் பார்த்தாள். அவள் வாய் அசைவதையும் அந்தக் குரல் அதிலிருந்து வருவதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்த வூட்டுல கேட்டது இந்தக் கொரல்தான். வேற ஆம்பள யாரும் அங்க வரல" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி கையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அம்மா மட்டும் அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் இல்லை. அதனால்தான் எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பிறகு வகுப்பறையில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. டீச்சரம்மா, போதகர், மாமா, அம்மா, அவளுடைய அப்பா. அவள் கரும்பலகையை ஒட்டி நின்றாள். பேய் பிடித்திருக்கிறது என்று வெளியே பேசத் தொடங்கிவிட்டார்கள். போதகர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளைப் பார்த்துப் பேசவும் இல்லை. மாமா என்னிடம் வந்து குனிந்தார். அவர் கோபம் இறங்கியிருந்தது, கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பொண்ணு தானா வந்துச்சா, உங்கம்மா கூப்ட்டாளா?"

அம்மாவைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. செத்தவன் குரலைக் கேட்க ஒரு பெண்ணை வீட்டுக்கு வரவழைத்தாள் என்று தெரிந்தால் அம்மாவை என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். எங்களைக் குடியாத்தத்துக்கு அனுப்புவதை நினைத்தேன். இவ்வளவும் யோசித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"தானாத்தான் வந்துச்சு மாமா. எனக்குப் பயமா இருந்துச்சு."

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால் முதலாவதையும் எல்லோரும் நம்பினார்கள். அவள் மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். என் அம்மாவின் குரலிலேயே எங்கள் வீட்டில் நடந்ததை அவளால் சொல்லிக்காட்டியிருக்க முடியும். அவள் சும்மா நின்றாள். அவள் அப்பா வந்து சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆம்பூருக்கு அப்பால் அவள் அத்தை ஊரில் பேயோட்டுகிறவன் ஒருவன் இருக்கிறானாம், அங்கே கொண்டுபோய்விட்டு அப்படியே ஒரு இடத்தில் கட்டிக்கொடுத்துவிடப் போகிறார்கள் என்று லைனில் சொன்னார்கள். அம்மா ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கதவைத் திறக்கவில்லை என்றாள். அன்றைக்கு ராத்திரி என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நான் சொல்லியிருக்கணும்" என்றாள். என்னை அவள் குறை சொல்லவே இல்லை, கடைசிவரை. மாமா வீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் படித்தேன், டீச்சர் வேலைக்கும் போனேன்.

அவளை ரயிலேற்றிய காலையில் நான் ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரமாக இருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். கன்னத்தில் காய்ந்த விபூதி. அவர்கள் போதகரின் கோயிலுக்கு வருகிற கிறிஸ்தவக் குடும்பம்தான், இருந்தாலும் பயம் வந்தால் யார் எதைப் பார்க்கிறார்கள்? அவள் அப்பா பிளாட்பாரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா எங்களை அனுப்பவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"கடசியில ரெண்டு வரி வுட்டுட்ட. டீச்சரம்மா கவனிக்கல" என்றாள்.

வண்டி ஊதிற்று. அவள் அப்பா திரும்பிப் பார்த்தார், நான் பின்னால் நகர்ந்தேன். வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான் விட்டுப்போன வரிகள் எவை என்று நினைவு வந்தது. சுனையைக் கண்டதும் குடியானவன் மகள் எழுந்து, வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

"முகம் தெரியாத குரலே, எனக்கு வழி சொன்னது நீ. எங்கிருந்தாலும் நீ நன்றாயிருக்க வேண்டும்."

பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அதை உரக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை.